பாட்டிக்குக் குளிர்கிறதாம்: லெசோத்தோவில் ஆறு நாள்

நாள் 1, வியாழன் – மசேரு

தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டெயினிலிருந்து பேருந்து, அப்புறம் லேடிபிராண்டில் மாறி ஒரு வேன், கடைசியில் மசேரு பாலம். பாலத்துக்கு அடியில் ஓடுவது கேலடன் ஆறு, இந்தக் கரைக்காரர்கள் மொஹொகாரே என்கிறார்கள். செப்டம்பர் கடைசி என்பதால் தண்ணீர் குறைவு. நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த நாடு இது, முழுக்க மலை, நாட்டின் ஆகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1400 மீட்டர். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, நிழலுக்குள் போனால் குளிருகிறது, அதனால்தானோ என்னவோ பகலிலேயே ஆண்களும் பெண்களும் கம்பளியைத் தோளில் போர்த்தி ஊசி குத்திக்கொண்டு நடக்கிறார்கள்.

என்னை அழைத்துப்போக வந்த நண்பர் பசூத்தோ இனத்தவர், ஒரு சிறிய கிராமச் சபையின் போதகர். நம் பக்கத்து வேதாகமக் கல்லூரியில் ஓராண்டு படித்தவர், அப்போது எங்கள் வீட்டில் சாப்பிட்ட பழக்கம். என்னைவிட வயதில் சின்னவர், அதனால் "அபூதி" என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் மொழியில் அண்ணன். பெரியவர்களை ஆண் என்றால் "ந்தாத்தே", பெண் என்றால் "ம்மே". ம்மே என்று கேட்ட முதல் தடவையே எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

வணக்கத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் "கொட்ஸோ". சமாதானம் என்று பொருள். நாட்டின் முழக்கமே கொட்ஸோ, பூலா, நாலா. சமாதானம், மழை, வளம். மழையை இப்படித் தேசிய முழக்கத்தில் வைத்திருக்கும் ஜனங்கள் எப்படி ஜெபிப்பார்கள் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார் நண்பர். "ஆனால் பேசுவதற்கு முன்னால் இரண்டு நாள் என்னோடு சுற்றுங்கள், அபூதி. காது முதலில், வாய் அப்புறம்" என்றார். சரி என்றேன்.

நாள் 2, வெள்ளி – மொரியா

மசேருவிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரம். வழியெல்லாம் பீச் மரங்கள் இலை விடாமலே இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கின்றன.

மொரியா என்ற பெயரே ஆதியாகமத்து மோரியா மலையிலிருந்து வந்தது. 1833இல் பாரிஸ் சுவிசேஷ மிஷனிலிருந்து மூன்று பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள்: காசாலிஸ், ஆர்புசே, கோஸ்லென். மூவரும் இளைஞர்கள். இங்கே வரவேண்டும் என்று புறப்பட்டவர்கள்கூட இல்லை அவர்கள். பசூத்தோ ஜனங்களின் அரசன் மொஷ்வேஷ்வே, ஜெபிக்கிற மனிதர் ஒருவர் தனக்கு வேண்டும் என்று மாடுகளைக் கொடுத்தனுப்பியிருந்தான், மாடுகளை வழியிலேயே கொள்ளையடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி ஃபிலிப்போலிஸ் என்ற ஊரில் இந்த மூவர் காதில் விழுந்தது. சுவிசேஷம் இந்த மண்ணுக்கு யாரோ திணித்து வரவில்லை, மாட்டைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அந்த அரசனுக்குத் துப்பாக்கிக்காரர்களிடமிருந்து பாதுகாப்பும் தேவைப்பட்டது, வெள்ளைக்காரர்களோடு பேச ஆளும் தேவைப்பட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டவன் அவன்.

அருங்காட்சியகம் சின்னது, ஆவணக் காப்பகம்தான் பொக்கிஷம். 1863இல் பசூத்தோ ஜனங்களின் மொழியான செசூத்தோவில் தொடங்கிய பத்திரிகை, அச்சுக்கூடத்தின் பழைய பாட்டுப் புத்தகங்கள். நான் ரொம்ப நேரம் நின்றது ஒரு சொல்லுக்காக. எழுத்தில் "மொலிமோ" என்று இருக்கிறது, படிக்கும்போது "மொதிமோ" என்கிறார்கள். அந்தக் காலத்து எழுத்துமுறை அப்படியே நின்றுவிட்டது, லி என்று எழுதினால் தி என்று வாசிக்க வேண்டும். மொதிமோ என்றால் கடவுள். பதிமோ என்றால் முன்னோர், இறந்துபோய் இன்னும் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே.

நண்பர் அங்கேயே ஒரு பழைய ஜெபத்தைச் சொல்லிக் காட்டினார். "மொதிமோ ஓ மொச்சா, ராபேலா வா காலே." புதிய மொதிமோவே, பழையவரிடம் வேண்டிக்கொள். அதாவது சமீபத்தில் இறந்த தகப்பனிடம் சொல்கிறார்கள், நீ உன் தகப்பனிடம் சொல், அவர் அவருடைய தகப்பனிடம் சொல்லட்டும், இப்படிக் கைமாறிக் கைமாறி நம் வேண்டுதல் மேலே போகட்டும் என்று. உச்சியில் இருப்பவரின் முகத்துக்கு நேராகப் போய் நிற்க இவர்களுக்குத் துணிவில்லை என்பதல்ல, அது மரியாதை இல்லை. ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனால்கூட நேராக அவரிடம் பேச மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள், அவர் எடுத்துச் சொல்வார்.

மிஷனரிகள் அந்தச் சொல்லை எடுத்து வேதாகமத்தின் தேவனுக்கு வைத்தார்கள். நம்மிடமும் இது நடந்திருக்கிறது. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று ஒவ்வொரு காலத்து மொழிபெயர்ப்பும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்த சண்டை நமக்குத் தெரியும். இங்கே அவர்கள் ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டிருந்த பெயரையே எடுத்துக்கொண்டது சரியான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பெயரை எடுத்தவர்கள் அந்தப் பெயரோடு ஒட்டியிருந்த மற்றதையெல்லாம் வெட்டி எறியச் சொன்னார்கள். பெண்ணுக்கு மாடு கொடுத்துக் கட்டுவது கூடாது, பையன்களை மலைக்கு அனுப்பி ஆண்மக்களாக்கும் லெபொல்லோ சடங்கு கூடாது, சோளக் கள் கூடாது, முன்னோருக்குப் படைப்பது கூடாது. இரண்டாம் மனைவி கிறிஸ்தவளானால் புருஷனை விட்டு வரவேண்டும். மொஷ்வேஷ்வே தன் மனைவிகளில் கிறிஸ்தவர்களான சிலரை விடுவித்து அனுப்பியிருக்கிறான். அந்தப் பெண்கள் அப்புறம் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டே மதியம் களியும் கீரையும் சாப்பிட்டேன். களிக்கு இங்கே பாப்பா என்று பெயர், வெள்ளை மக்காச்சோள மாவு, வெட்டி எடுக்கும் பதத்தில்.

நாள் 3, சனி – தாபா போசியு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது, மலையேறிய கால் அதைவிட.

தாபா போசியு என்றால் இரவின் மலை. 1824இல் மொஷ்வேஷ்வே தன் ஜனங்களை வடக்கே பூத்தாபூத்தேயிலிருந்து நடத்திக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தான். தட்டையான உச்சி, சுற்றிலும் செங்குத்துப் பாறை, மேலே ஊற்று நீர், ஏறுவதற்குச் சில கணவாய்கள் மட்டும். இரவில் இந்த மலை வளர்ந்து பெரிதாகிவிடும், எதிரியால் ஏற முடியாது என்பது ஜனங்களின் நம்பிக்கை. இங்கிருந்து மண்ணை எடுத்துப்போனால் விடிவதற்குள் அது தானாக மலைக்குத் திரும்பிவிடும் என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். நாங்கள் குபேலு கணவாய் வழியாக ஏறினோம். குபேலு என்றால் சிவப்பு. என் ஷூ முழுக்க அந்தச் சிவப்பு.

உச்சியில் கற்களால் அடுக்கிய மொஷ்வேஷ்வேயின் கல்லறை. கூட வந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி, குந்தி உட்கார்ந்து, கல்லோடு பேசுகிற மாதிரி மெதுவாக ஏதோ சொன்னார். ஜெபமா என்று நண்பரிடம் கேட்டேன். "வந்திருக்கிறேன் என்று சொல்கிறார். தாத்தா வீட்டுக்குப் போனால் சொல்ல மாட்டோமா?"

அங்கே உட்கார்ந்துதான் அந்தக் கதையைக் கேட்டேன். முன்னாலேயே படித்ததுதான், ஆனால் அந்த இடத்தில் கேட்கும்போது வேறு. 1824 பயணத்தின்போது கூட்டத்தின் பின்னால் நடந்து வந்த வயதானவர்களில் மொஷ்வேஷ்வேயின் தாத்தா பேட்டேயும் இருந்தார். அது போரும் பஞ்சமும் ஜனங்களைப் பிய்த்துப்போட்ட காலம், பசியில் மனிதரைத் தின்னும் கூட்டங்கள் மலைகளில் இருந்தன. அவர்கள் கிழவரைப் பிடித்துத் தின்றுவிட்டார்கள். பின்னாளில் அந்தக் கூட்டத்தார் கையில் கிடைத்தபோது எல்லோரும் கொல்லச் சொன்னார்கள். மொஷ்வேஷ்வே மறுத்துவிட்டான். என் தாத்தா இவர்கள் வயிற்றில் புதைந்திருக்கிறார், இவர்கள் என் தாத்தாவின் கல்லறை, கல்லறையை நான் எப்படி இடிப்பேன் என்றானாம். அதோடு விடவில்லை. பசூத்தோ வழக்கப்படி மாட்டை அறுத்து அதன் இரைப்பையில் இருப்பதை எடுத்துக் கல்லறையில் பூசிச் சுத்திகரிப்பார்கள். அதை எடுத்து அந்த மனிதர்களின் உடம்பில் பூசச் சொன்னான். நிலமும் மாடும் கொடுத்துக் குடியேற்றினான்.

இது நடந்தபோது இந்த மலைக்கு ஒரு மிஷனரியும் வந்திருக்கவில்லை. மலைப்பிரசங்கத்தை யாரும் அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை. பழிவாங்காமல் மன்னிப்பதை அவன் தன் முன்னோர் பக்தியிலிருந்தே எடுத்திருக்கிறான், தாத்தாவுக்குச் செய்யும் சடங்கையே எதிரிக்குச் செய்திருக்கிறான். "இருட்டில் கிடந்த ஜனங்கள்" என்று சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் ஆப்பிரிக்காவைப் பற்றிக் கேட்ட வார்த்தை நினைவுக்கு வந்தது, அந்த வார்த்தையை இனி நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லப்போவதில்லை.

அவன் இளைஞனாக இருந்தபோது மொஹ்லோமி என்ற ஞானியிடம் ஆலோசனை கேட்கப் போயிருக்கிறான். பெரிய தலைவனாக மருந்து வேண்டும் என்றானாம். ஊரை ஆள மருந்து கிடையாது, மருந்து என்பது இருதயம்தான் என்று சொல்லி அனுப்பினார் அவர். அந்த வாக்கு செசூத்தோவில் இன்றும் பழமொழியாக வழங்குகிறது. 1855இல் சூனியக்காரர் என்று சொல்லி யாரையும் கொல்லக்கூடாது என மொஷ்வேஷ்வே சட்டம் போட்டான். அதில் மிஷனரிகளின் பேச்சுக்கும் பங்குண்டு, மொஹ்லோமியின் வாக்குக்கும் பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

கடைசி வரை அவன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்டுகளும் 1862இல் வந்த கத்தோலிக்கக் குருக்களும் ஆளுக்கொரு பக்கம் காத்திருந்தார்கள். முதுமையில் இணங்கினான், நாளும் குறித்தாயிற்று, அந்த நாள் வருவதற்குள் 1870 மார்ச் 11 அன்று இறந்துபோனான். அந்தத் தேதி இன்று நாட்டில் விடுமுறை. "அவர் எங்கே இருக்கிறார் என்று என் சபையில் பிள்ளைகள் கேட்பார்கள், அபூதி. நான் என்ன சொல்வேன்?" என்றார் நண்பர். நான் பதில் சொல்லவில்லை. காற்று பலமாக இருந்தது, இறங்கத் தொடங்கினோம்.

மாலை பெரேயா மாவட்டத்தில் நண்பரின் கிராமம். வழியில் புதுக் கம்பளி போர்த்தி, உடம்பில் செங்காவி பூசிய பையன்கள் வரிசையாக நடந்தார்கள், லெபொல்லோ முடித்து மலையிலிருந்து இறங்கியவர்கள். நண்பர் காரைத் தூரத்திலேயே ஓரங்கட்டி நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். அவருடைய தாத்தா சபை மூப்பர், அதனால் வீட்டில் யாரையும் அனுப்பவில்லை. ஊரில் சில பெரியவர்களுக்கு நாற்பது வயது போதகரான இவர் இன்னும் வளராத பையன் கணக்குத்தான்.

நாள் 4, ஞாயிறு – கிராமம்

நேற்று இரவு நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் தங்கியிருப்பது நண்பரின் பெரியம்மா வீட்டில். ஊரே அவரைப் பாட்டி என்கிறது, நானும் அப்படியே. வட்டமான கல்வீடு, புல் கூரை, வெளிச்சுவரில் ஈர மண்ணை விரலால் கீறிப் போட்ட கோலம். லிதேமா என்று பெயர், பெண்கள் போடுவது, மழையில் கரைந்துபோகும், கரைந்தால் மழை வந்துவிட்டது என்று சந்தோஷம். பக்கத்து வீட்டுக் கூரையில் வாசலுக்கு மேலே ஒரு நாணல் செருகியிருந்தது. குழந்தை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆதி மனிதர்கள் கிழக்கே ன்ட்ஸ்வானாட்ஸாட்ஸி என்ற இடத்தில் நாணல் படுகையிலிருந்து வெளியே வந்தார்கள் என்பது இவர்களின் தோற்றக் கதை, அதனால் ஒவ்வொரு பிறப்புக்கும் வாசலில் ஒரு நாணல்.

சாப்பிட்டு முடித்ததும் பாட்டி தன் கனவைச் சொன்னார். போன மாதம் அவருடைய அம்மா கனவில் வந்தாராம். ஒன்றும் பேசவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாராம். அப்புறம் "எனக்குக் குளிர்கிறது" என்று மட்டும் சொன்னாராம். அம்மா இறந்தபோது வீட்டில் கஷ்டம், மாடு அறுக்க வழியில்லை. இறந்தவருக்காக அறுக்கும் மாட்டின் தோல்தான் அவருக்குப் போர்வை என்று இவர்கள் நம்புகிறார்கள். போர்வை இல்லாமலே அனுப்பிவிட்டோம் என்று பாட்டிக்கு முப்பது வருஷமாக உறுத்தல். அடுத்த சனிக்கிழமை ஆடு அறுத்து, கள் காய்ச்சி, உறவினரைக் கூப்பிடப்போகிறார். முற்றத்து மூலையில் வாளியில் ஜ்வாலா புளித்துக்கொண்டிருக்கும் முதல் கட்டத்தையும் காட்டினார். சோளத்தை முளைகட்டி அரைத்துக் கரைத்தது, மூடியைத் திறந்ததும் நம் புளித்த கூழ் வாசனை அப்படியே.

பாட்டி ஐம்பது வருஷமாகச் சபை அங்கத்தினர். ஞாயிறு தவறாமல் வருகிறவர். எனக்குள் உபாகமம் 18 தயாராக இருந்தது, செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறது கூடாது என்ற வசனம். வாயைத் திறக்கவில்லை. அவர் குறிகேட்கவில்லை. அம்மாவுக்குக் குளிருகிறது என்று அழுதுகொண்டிருந்தார்.

இன்று ஆராதனை. தகரக் கூரை, மண் தரை, அறுபது எழுபது பேர். இசைக்கருவி ஒன்றும் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வரி எடுப்பார், மறு வரிக்குள் நாலு குரலாகப் பிரிந்து முழு அறையும் பாடும், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

எழுதி வைத்திருந்த சாட்சியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். என் அப்பாவின் அம்மாவைப் பற்றிப் பேசினேன். அவர் கடைசி வரை கிறிஸ்தவரல்லர், எனக்குச் சோறூட்டியவர். அப்பா கிறிஸ்தவரானபோது அவர் கேட்டது ஒரே கேள்வி, நான் செத்தால் எனக்கு யார் செய்வார்கள்? அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, வசனம்தான் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. நண்பர் செசூத்தோவில் சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் மொரியாவில் கேட்ட அந்தப் பழைய ஜெபத்தை நானே சொன்னேன், உச்சரிப்பு எப்படியிருந்ததோ, சபையில் ஒரு சின்னச் சலசலப்பு. உங்கள் முன்னோர் ஜெபத்தைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள், அது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று பவுல் எழுதியிருக்கிறார். அந்த ஒருவர் செத்துப் புதைக்கப்பட்டவர், பதிமோ இருக்கும் இடத்துக்கே இறங்கிப்போனவர், அங்கேயே தங்கிவிடாமல் எழுந்து வந்தவர். அவரிடம் நேராகச் சொல்லலாம், பயப்பட வேண்டாம், முன்னோரை மறக்கவும் வேண்டாம். எபிரெயர் நிருபம் அவர்களை மேகம்போன்ற திரளான சாட்சிகள் என்கிறது, நம்மைச் சூழ்ந்து நிற்கிறார்கள் என்கிறது. இவ்வளவுதான் பேசினேன், பத்து நிமிஷம் இருக்கும்.

வெளியே வந்ததும் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இயேசு அங்கே இறங்கிப் போனார் என்றாயே. அப்படியென்றால் என் அம்மாவைப் பார்த்திருப்பாரா?"

பார்த்திருப்பார் என்றேன். வேதசாஸ்திரம் படித்தவர்கள் என்னைத் திருத்தலாம்.

"அப்படியென்றால் போர்வையை அவர் கையில் கொடுத்துவிடச் சொல்லு."

நாள் 5, திங்கள் – ஙாக்கா வீடு

பாரம்பரிய வைத்தியரை இங்கே ஙாக்கா என்கிறார்கள். நண்பர் அழைத்துப்போகத் தயங்கினார், சபையில் பேச்சு வரும் என்று. கடைசியில் அவரே, "என் ஜனங்களில் பாதிப் பேர் ஞாயிறு என்னிடமும் திங்கள் அவரிடமும் வருகிறார்கள், நான் போய்ப் பார்க்காமல் இருப்பதில் என்ன இருக்கிறது" என்று சொல்லிக் கிளம்பினார்.

வைத்தியருக்கு அறுபது வயது இருக்கும். பாயில் தோல் பையைக் கவிழ்த்தார்: லிதாவ்லா, குறிபார்க்கும் எலும்புகள். மாட்டுக் குளம்பில் செதுக்கிய துண்டுகள், ஆட்டுக் கணுக்கால் எலும்புகள், ஒரு கடல் சிப்பி, கடலே இல்லாத நாட்டில். ஆண் என்றும் பெண் என்றும் இணை இணையாக இருக்கின்றன, கைபட்டுக் கைபட்டு எண்ணெய் பூசிய மாதிரி வழவழப்பு. எறிந்து விழுகிற ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு பாட்டு, அதை மனப்பாடமாகச் சொல்லித்தான் அர்த்தம் பார்க்கிறார். எனக்காக எறியட்டுமா என்று கேட்டார், வேண்டாம் ந்தாத்தே என்று மரியாதையாகச் சொன்னேன். என் விசுவாசத்துக்கு அது சரிவராது. அவர் கோபப்படவில்லை. முற்றத்தில் காய்ந்த வேர்களைக் காட்டி எது இருமலுக்கு, எது வயிற்றுக்கு என்று அரை மணி நேரம் சொன்னார்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. பேச்சுவாக்கில் அவரே சொன்னார், நோய் என்று வருகிற பலர் மருந்து கேட்பதில்லை, யார் செய்தது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பக்கத்து வீட்டுக் கிழவியின் பெயர் பதிலாக வந்துவிட்டால் அந்தக் கிழவியின் நிலைமை என்ன? 1855 சட்டம் தடுக்கப் பார்த்ததும் இதைத்தானே. எல்லாம் அவரவர் கலாச்சாரம் என்று நான் இதைக் கடந்துபோக மாட்டேன், இந்த இடத்தில் சுவிசேஷம் உரக்கவே பேச வேண்டும். அவரிடமும் சொன்னேன். "பெயர் சொல்லாத ஙாக்காவும் உண்டு" என்றார், அவர் எந்த வகை என்று சொல்லவில்லை.

நாள் 6, செவ்வாய் – திரும்புதல்

காலையில் பாட்டி என் பாட்டியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். மூன்று தடவை சொல்லிப் பழகினார், ழகரம் வரவில்லை, யகரமாகச் சொல்லிக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "தெரிந்து வைத்துக்கொள்கிறேன்" என்றார். பயணத்துக்கு ஒரு துணியில் அவித்த பயறும் சோளமும் கட்டிக்கொடுத்தார். மசேரு பாலத்தில் வரிசை நீளம், நின்றுகொண்டே அதைத் தின்றேன்.

பின்குறிப்பு, அடுத்த ஞாயிறு: நேற்று நண்பர் கூப்பிட்டார். பாட்டி வீட்டு விருந்துக்குப் போகலாமா வேண்டாமா என்று வெள்ளி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். போயிருக்கிறார். ஆடு அறுப்பதற்கு முன்னால் பாட்டியே அவரை ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார், ஜெபித்திருக்கிறார். கள்ளை மண்ணில் ஊற்றும் நேரத்தில் எழுந்து வெளியே போய்க் கல்பட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தாராம். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டி ஒரு தட்டில் கறியும் களியும் எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். ஆட்டுத்தோல் கூரைமேல் காய்கிறது என்றார். மழை இன்னும் வரவில்லையாம்.